மதாம் வீட்டுக் கொல்லையில் நாலு புதுக்கோழி

கோழியைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் வண்டியைக் கிளப்பிவிடுகிறீர்கள், கோழி விற்கிற தம்பிகளே. குறை சொல்லவில்லை. உங்கள் காலம் அப்படி. வாட்ஸ்அப்பில் கோழியின் படம் போகிறது, அவர்கள் சரி என்கிறார்கள், நீங்கள் கொண்டுபோய் இறக்குகிறீர்கள், அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் கிளம்பின பிறகு அந்தக் கொல்லையில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு முட்டி போய்விட்டது. இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டம்மா அதற்கு முன்பே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். நடுவில் எங்கேயாவது சுற்றிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கோழிகள் இருக்கிற இடத்தில் புதுக்கோழியை விடுவதைச் சேர்த்துவிடுவது என்போம். விற்பதைவிட அதுதான் பெரிய வேலை. எனக்குத் தொழில் பழக்கியவர் மார்க்கெட் வாசலில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த ஒருவர். வெற்றிலை போட்ட வாய், எப்போது பார்த்தாலும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார். அவரிடம் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். வீட்டில் ஆறு கோழி இருந்ததாம், ஒன்று செத்துப்போனதாம்.

"ஒண்ணு குறையுது, ஒண்ணு குடுங்க" என்றார்.

"ரெண்டா எடுத்துக்குங்க சார். இல்லன்னா வாணாம்."

"எனக்கு ஒண்ணுதானே வேணும்?"

"அப்ப ஐஸ்கிரீம் வாங்கிட்டுப் போங்க. அங்க ஒண்ணா குடுப்பாங்க."

கிளார்க் கோபித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். வந்த வியாபாரத்தை இப்படி விரட்டுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணாப் போனா அஞ்சும் அதைத்தான் பாக்கும். ரெண்டாப் போனா அடி பிரிஞ்சிடும். ராத்திரி அடையறப்ப ஒட்டி உக்கார ஒரு தொணையும் இருக்கும்" என்றார். கொஞ்ச நாளில் அதே கிளார்க் திரும்பி வந்தார். வேறு இடத்தில் ஒரு கோழி வாங்கி விட்டாராம். அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததுதான், தீனிக்குக்கூட வெளியே வரவில்லையாம். அன்றைக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு போனார். என் ஆசான் ஐஸ்கிரீம் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். எந்தக் கோழியையும் வாங்கின அன்றைக்கே பழையதோடு கலக்காதீர்கள். கொஞ்ச நாள் தனியே வைத்து எச்சத்தைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள். வெள்ளைக் கழிச்சல் ஒன்றுக்கு இருந்தால் போதும், கொல்லை முழுக்கக் காலியாகிவிடும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விரிக்கவில்லை.

இந்தச் சேர்த்துவிடுகிற வேலையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் மாமியார் மருமகள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. என் வீட்டிலும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அது மட்டும் காரணமில்லை. கோழிக்கு மனசில் வஞ்சம் கிடையாது. தன் இடம் எது என்று தெரியாதபோது அதற்குப் பயம். தெரிந்துவிட்டால் அடங்கிவிடும். அவ்வளவுதான்.

எங்கே விட்டேன்? ஜெயந்தியைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

ஜெயந்தி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறவள். புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார். வில்லியனூர் போகிற வழியில் ஒரு காலி மனையில் ஷீட் போட்டுக் குடியிருந்தாள். அவளிடம் நாலு கோழி. கறுப்பு ஒன்று, புள்ளி இரண்டு, செவலை ஒன்று. நாலும் என்னிடம் குஞ்சாக வாங்கினவை. அந்த மனை விற்றுப்போய்விட்டது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கம்பி வேலி போட வருகிறோம், அதற்குள் காலி செய்யுங்கள் என்று புதுசாக வாங்கினவர் சொல்லிவிட்டார். இவள் வீடு தேடி அலைந்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"ஒருத்தரு கறி சமைப்பியான்னு கேக்குறாரு பாய். ஒருத்தரு வூட்டுக்காரரு எங்கன்னு கேக்குறாரு. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். கோழின்னு சொன்னதும் கதவைச் சாத்துறாங்க."

"கோழியக் குடுத்துடேன்மா. பின்னால வேற வாங்கிக்கலாம்."

அவள் என்னை முறைத்தாள். "வார்டுல காலைலருந்து எல்லாரும் ஏ இந்தா, ஏ இந்தான்னுதான் கூப்புடுறாங்க. பஸ்ஸ விட்டு எறங்கி வந்தா என்னைப் பாத்து ஓடியாற ஜீவன் இந்த நாலுதான். அதுங்களக் குடுத்துட்டு எந்த மொகத்தோட வூட்டுக்குள்ள போறது?"

அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூலக்குளத்தில் என்னிடம் தவிட்டுக்கும் மருந்துக்கும் போன் செய்கிற ஒரு மதாம் இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். நம் ஊரில் சொல்தா வீடு என்று சொல்வோமே, அந்த மாதிரி. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் பிரான்சில். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டும் பூட்டிக் கிடந்தன. கொல்லையில் அஞ்சு வெள்ளைக்கோழி. அதில் பெரியதற்குக் கப்பித்தேன் என்று பேர். பட்டாளத்தில் கேப்டனை அப்படித்தான் சொல்வார்களாம்.

"பெட்டைக்கு எதுக்கு மதாம் அந்தப் பேரு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு கடைசி வரைக்கும் கப்பித்தேன் ஆவல பாய். இதாவது ஆவட்டும்."

ஜெயந்தியை அழைத்துக்கொண்டுபோய் அவரிடம் நிறுத்தினேன். மதாம் அவளிடம் சாதி கேட்கவில்லை, புருஷனைக் கேட்கவில்லை. கோழி எத்தனை என்று கேட்டார், என்ன தீனி போடுகிறாய் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவ கோழி மொதல்ல வரட்டும். என் கோழியோட ஒத்துப்போச்சுன்னா அப்பறம் அவ சாமான் வரட்டும். ஒத்துப்போவலன்னா ரெண்டும் வாணாம். என் கொல்லையில தெனம் ரத்தம் பாக்க என்னால ஆவாது."

இப்படி ஒரு வாடகை ஒப்பந்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வெளியே வந்ததும் ஜெயந்தி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்துப்போவலன்னா நீங்களே எடுத்துக்குங்க பாய். கறிக்கடைக்கு மட்டும் போட்டுடாதீங்க."

நாலையும் முதலில் என் வீட்டில் தனியே வைத்துப் பார்த்தேன். மூக்கில் சளி இல்லை, எச்சம் நன்றாக இருந்தது. பிறகு மதாம் கொல்லையில் ஒரு மூலையை வலை கட்டித் தடுத்தேன். கடற்கரைக் குப்பத்தில் கேட்டால் பழைய மீன்வலை சும்மாவே கொடுப்பார்கள். இரண்டாக மடித்துக் கட்டினால் தலை நுழையாது. வலைக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் அஞ்சு. பார்க்கலாம், கேட்கலாம், கொத்த முடியாது.

இந்தத் தடுப்புக்கு எத்தனை நாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நாளை எண்ணாதீர்கள், முதுகைப் பாருங்கள். ஆரம்பத்தில் பழைய கோழிகள் வலையை ஒட்டியே நடக்கும், கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பார்க்கும். அதுவே ஒரு நாள் வலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் கிளறும். முதுகைக் காட்டினால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். மதாமின் வெள்ளைக்கோழிகளில் நாலு முதுகைக் காட்டிவிட்டன. கப்பித்தேன் மட்டும் காட்டவில்லை. சிப்பாய் ரோந்து போகிற மாதிரி வலையோரமாகவே நடந்துகொண்டிருந்தது.

இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் நல்லது. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலி போட வந்துவிடுவார்கள். வியாழக்கிழமை ஜெயந்தியிடம் சொன்னேன்: "நாளைக்கு சாயங்காலம் அசர் தொழுதுட்டு வரேன். கோழி அடையற நேரமாப் பாத்து வலையத் தூக்கலாம். அந்த நேரத்துல சண்டை போட அதுங்களுக்கு நேரம் இருக்காது. விடிஞ்சி பாத்தா ஒரே கொம்புல உக்காந்திருக்கும். நான் வர்ற வரைக்கும் தொடாத."

"சரி பாய்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தர் தடவிக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தேன். இன்னும் நேரம் இருந்தது. அப்போது போன்.

"பாய், ரத்தம் பாய். மண்டையெல்லாம் ரத்தம். சீக்கிரம் வாங்க."

"வலைய யாரு தூக்குனது?"

"நான்தான் பாய். சாயங்காலம் நல்ல நேரம் இல்ல. காலண்டர்ல பாத்தேன். புது எடத்துக்குப் போறதுங்க, நல்ல நேரத்துல போவட்டுமேன்னு…"

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை தெருவில் நிற்கப்போகிற பெண், எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நல்ல நேரம் பார்த்திருக்கிறாள். டிவிஎஸ்ஸைக் கிளப்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. ரத்தம் என்றால் விடக்கூடாது. கோழி ரத்தத்தைப் பார்த்துவிட்டால் நிறுத்தாது. செத்த பிறகும் கொத்தும்.

போய்ச் சேர்ந்தபோது கொல்லை அமளியாக இருந்தது. இரண்டு புள்ளிக்கோழியும் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் பதுங்கியிருந்தன. செவலை சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது, பின்னாலேயே நாலு வெள்ளைக்கோழி. கறுப்பைக் கப்பித்தேன் மூலையில் நிறுத்தித் தலையிலேயே கொத்திக்கொண்டிருந்தது. ஜெயந்தி உள்ளே ஓடுவதும் கையை உதறிக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தாள். மதாம் பின்வாசல் படியில் கவுனோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"மோன் தியே! கடவுளே! எடுங்க பாய், அதுங்கள வெளிய எடுங்க! நான்தான் சொன்னேனே, ஒத்துப்போவாதுன்னு!"

தம்பிகளே, இந்த இடத்தில்தான் கை தானாகக் கோழியை நோக்கிப் போகும். எல்லோரும் கத்துகிறார்கள். ஏதாவது செய்தால் தேவலை என்று இருக்கும். அடிபடுகிறதை எடுத்துக் கூடையில் போட்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் அன்றைக்கு அவற்றை வெளியே எடுத்தால் அதோடு சரி. மதாம் மறுபடி உள்ளே விடமாட்டார். எடுக்காமல் விட்டு, அது நிஜமாகவே ரத்தமாக இருந்தால், ஜெயந்தி கண் எதிரிலேயே கோழி சாகும்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பார்த்தேன். ஜெயந்திக்கு என் மேல் ஆத்திரமாக வந்திருக்கும். கறுப்பின் தலையில் சிவப்பு. செவலையின் தலையில் சிவப்பு. கல்லுக்கு அடியில் இருந்த புள்ளிகளை எந்தக் கோழியும் இன்னும் தொடவே இல்லை, அவற்றின் தலையிலும் சிவப்பு. நாலுக்கும் கொண்டைக்குக் கீழே, அதே இடத்தில். கோழி அவ்வளவு ஒழுங்காக அளந்து கொத்துமா?

"ஜெயந்தி, குங்குமம் வெச்சியா?"

பதட்டத்தில் அதை மறந்தேபோயிருந்தவள் திகைத்தாள். "வெச்சேன் பாய். புதுசா ஒரு எடத்துக்குப் போறப்ப வெக்க மாட்டமா? மஞ்சத்தண்ணி தெளிச்சி, பொட்டு வெச்சித்தான் வலையத் தூக்குனேன்."

"அவங்க கோழிக்கும் வெச்சியா?"

"இல்ல பாய்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க வேதக்காரங்க. அவங்க வூட்டுக் கோழிக்குப் பொட்டு வெச்சா தப்பா நெனச்சிக்க மாட்டாங்களா? மரியாதையா இருக்கட்டும்னுதான் விட்டுட்டேன்."

யோசித்துப் பாருங்கள். கோழிக்குச் சிவப்பு கண்ணில் பட்டால் கொத்தும், அது அதன் குணம். வந்த நாலின் தலையிலும் சிவப்பு, இருந்த அஞ்சின் தலையிலும் ஒன்றும் இல்லை. இதோ இவர்களை அடி என்று எழுதி ஒட்டின மாதிரிதான். அவள் செய்தது பக்தி, செய்யாமல் விட்டது மரியாதை. இரண்டும் சேர்ந்து கோழிக்கு வினையாகிவிட்டன. கொண்டை சிவப்பு எல்லாக் கோழிக்கும் உண்டு, அதைக் கண்டு எதுவும் பதறுவதில்லை. இருக்கக்கூடாத இடத்தில் சிவப்பு வந்தால்தான் வம்பு.

துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்கலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் மதாம் படியிலிருந்து இறங்கிவிட்டார். ஜெயந்தி தாழ்த்திச் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"என்னாடி சொன்ன? என் கோழிக்குப் பொட்டு ஆவாதா?"

"இல்ல மதாம், நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க…"

"இந்தத் தெருவுல எல்லார் வூட்டுப் பொங்கலும் தின்னுகினு இருக்கேன். கல்யாணத்துக்கு மஞ்ச அரிசி வாங்கி என் கையால போடுறேன். என் கோழி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சி? அதுங்களுக்கு மட்டும் இல்லையா?"

எனக்குப் பயமாகிவிட்டது. கோழிச் சண்டையை நிறுத்திவிடலாம். இரண்டு பெண்களுக்கு நடுவில் வந்துவிட்டால் நான் டிவிஎஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான். ஜெயந்தி இரண்டடி பின்னால் போனாள். வீடு போயிற்று என்றே அவள் முடிவு செய்திருப்பாள்.

சுவரோரம் ஜெயந்தி கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் ஒரு குண்டான் நிறைய இருந்தது. வேப்பிலை மிதந்தது. மதாம் அதை இரண்டு கையாலும் தூக்கினார். தடுக்கத்தான் முதலில் தோன்றியது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். நல்ல வெயில். கோழி நனைந்தால் காய்ந்துவிடும். அவர் செய்யப்போவது சரியாக இருந்தால் அது அவர் கையால் நடக்கட்டும். நான் செய்தால் அது பாய் செய்த வைத்தியம். அவர் செய்தால் அது வீட்டுக்காரம்மா செய்தது.

"வொலா! இந்தா, எல்லாருக்கும் மஞ்ச!" என்று கத்திக்கொண்டே மதாம் குண்டானைக் கவிழ்த்தார். கறுப்பின் மேல், கப்பித்தேனின் மேல், செவலையின் மேல், அதைத் துரத்திக்கொண்டிருந்த நாலின் மேல், துணி துவைக்கிற கல்லின் மேல், என் ஜிப்பாவின் மேல்.

நனைந்த கோழியைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை ஜம்பமும் போய்ப் பாதி உடம்பாக நிற்கும். ஒன்பதும் அப்படி நின்றன. வெள்ளை வெள்ளையாக இல்லை, கறுப்பில் மஞ்சள் வழிந்தது, குங்குமம் கரைந்து கழுத்தோடு ஓடியது. ஜெயந்தி குழாயடிக்கு ஓடி இன்னும் இரண்டு குவளை நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். எல்லாக் கோழிக்கும் ஒரே மஞ்சள் வாடை. யார் யாரென்று அவற்றுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் வெயிலுக்குப் போய், சிலிர்த்து உதறி, இறகைக் கோத ஆரம்பித்தது. அடிபட்டதும் கோதியது, அடித்ததும் கோதியது. கொல்லையில் சத்தமே இல்லை.

நான் மெதுவாகப் போய்க் கறுப்பைத் தூக்கிப் பார்த்தேன். குங்குமம் கரைந்த இடத்துக்கு மேலே கொண்டையில் நிஜமாகவே ஒரு கிழிசல் இருந்தது. சின்னதுதான். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். அந்தக் கசப்பை இரண்டாம் முறை எந்தக் கோழியும் கொத்தாது. பிறகு தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் அங்கங்கே நாலைந்து இடத்தில் இறைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இறகு காய்ந்ததும் நாலு வெள்ளைக்கோழியும் தீனியில் இறங்கிவிட்டன. பக்கத்தில் புள்ளி வந்தால் ஒரு கொத்து கொடுத்தன, புள்ளி நகர்ந்தது, அவ்வளவுதான். அது சண்டை இல்லை. இடம் பிரித்துக்கொள்வது. அதை நடக்க விட வேண்டும். கப்பித்தேன் மட்டும் தீனியைத் தொடவில்லை. உடம்பை ஒரு தடவை உதறியது, கொல்லையைக் குறுக்கே நடந்து போய் மறுபடி கறுப்பை மூலைக்குத் தள்ளியது.

ஜெயந்தி கறுப்பைத் தூக்கப் போனாள். நான் அவள் முன்னால் கையை நீட்டினேன்.

அடிபடுகிறதை எடுக்காதீர்கள், தம்பிகளே. எடுத்துவிட்டு மறுபடி விட்டால் அது மறுபடியும் புதுக்கோழிதான். எத்தனை தடவை எடுக்கிறீர்களோ அத்தனை தடவை அடி. அடிக்கிறதை எடுக்க வேண்டும். அது இல்லாத கொல்லையில் மற்றவை பழகிவிடும். இதைச் சொல்வது சுலபம். அன்றைக்கு அடிபட்டது குடிவரப் போகிறவள் கோழி. அடித்தது வீட்டுக்காரரின் செல்லக்கோழி.

"மதாம், புதுசு எதையும் எடுக்க வாணாம். உங்க கப்பித்தேனை எடுக்கணும்."

மதாம் என்னைப் பார்த்தார். ஜெயந்தி பதறிவிட்டாள். "ஐயோ வாணாம் பாய். அது அவங்க வூடு, அவங்க கோழி. நான் கறுப்பைக் கொண்டுபோயிடுறேன். மூணே போதும் மதாம்."

"நீ சும்மா இருடி." மதாம் அவளைப் பார்க்காமலே சொன்னார். "எவ்ளோ நாளைக்கு பாய்?"

"கொஞ்ச நாளைக்கு. மத்ததுங்க ஒண்ணாப் பழகுற வரைக்கும்."

"மறுபடி கொல்லையில விட்டா?"

"அன்னிக்கி அதுதான் புதுசு."

"அப்ப அது கப்பித்தேனா இருக்காது."

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லலாம். இருக்கும் மதாம், எங்கே போகப்போகிறது என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கு அந்தக் கோழி கீழே இறங்குவதைத் தினம் பார்க்கப்போகிறவர் அவர். பார்க்கும்போதெல்லாம் யார் ஞாபகம் வரும்? பின்பக்க அறையில் இருக்கிற ஜெயந்தி ஞாபகம்தானே வரும்?

"இருக்காது மதாம்" என்றேன். "நடுவுல எங்கயாவது நிக்கும். நல்லாத்தான் இருக்கும். மொதல்ல நிக்காது."

மதாம் அந்தக் கோழியைத் திரும்பிப் பார்த்தார். அது கறுப்பின் மேல் இன்னொரு தடவை பாய்ந்தது. ஜெயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மதாம் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஈர மண்ணில் நடந்து போனார். குனிய அவருக்கு வலித்திருக்கும், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கப்பித்தேனைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாடி. போதும். உனக்கும் பென்ஷன் வந்துடுச்சி."

உள்ளே கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் ஜும்மாவுக்குக் கடைசி நேரத்தில் ஓடிப் போய்ச் சேர்ந்தேன். ஜிப்பா முழுக்க மஞ்சள். தொழுகை முடிந்து வெளியே வரும்போது எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டார்: "என்னா பாய், இந்த வயசுல நலங்கா? எங்களுக்கெல்லாம் பத்திரிகை இல்லையா?" வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்றேன். அவர் அதற்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

கப்பித்தேன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். திரும்ப விட்டபோது கொல்லை அது நினைத்த மாதிரி இல்லை. மற்ற எட்டும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தன. கறுப்பே போய் அதைக் கொத்தியது. இரண்டு நாள் ஓரமாக நின்றது. பிறகு நடுவில் ஒரு இடம் பிடித்துக்கொண்டது. மதாம் கையில் தீனி வைத்தால் முதலில் வருவது இன்றைக்கும் அதுதான் என்று சொல்கிறார்கள். அடுத்த வருஷம் மதாம் கண் ஆபரேஷனுக்குப் பிள்ளைகளிடம் பிரான்சுக்குப் போனபோது ஒன்பதையும் ஜெயந்திதான் பார்த்துக்கொண்டாள். வீடியோ காலில் கோழியைக் காட்டச் சொல்லி மதாம் கூப்பிடுவாராம். ஜெயந்தி வார்டில் இருந்தாலும் கூப்பிடுவாராம்.

நீங்கள் போகிற வீட்டில் எந்தச் சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். கோழிக்குப் பொட்டு வைப்பீர்களா என்று மட்டும் கேளுங்கள். வைப்பார்கள் என்றால் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பழையதுக்கும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் கத்தும்போது கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கோழியைச் சேர்த்துவிடும்போது வீட்டுக்காரருக்கு வரப்போகிற நஷ்டத்தை மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்துவிட்டால் நீங்கள் கிளம்பின பிறகு அது பிரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். சட்டை மாற்றிக்கொண்டுதான் போனேன். கோழி அடையும் நேரம். கூண்டுக்குள் நீளமாக ஒரு சவுக்குக் கொம்பு கட்டியிருந்தோம். நாலு வெள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டன. இல்லை, நாலு மஞ்சள். கீழே புள்ளி இரண்டும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் செவலை ஏறி ஒரு ஓரத்தில் உட்கார்ந்தது. வெள்ளை ஒன்று திரும்பிப் பார்த்தது. கொத்தவில்லை. பிறகு புள்ளிகள். கடைசியில் கறுப்பு, ஏறுவதும் இறங்குவதுமாகக் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு ஏறியது. இடம் போதவில்லை. மறு ஓரத்து வெள்ளைக்கோழி கொஞ்சம் முனகிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

ஜெயந்தி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு. மறுபடி எண்ணினாள். அவளுக்கு அன்றைக்கு நைட் டூட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மதாம் படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்க இவளுக்கும் தைரியம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கூண்டைப் பார்த்தேன். அது நான் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

"நான் கெளம்புறேன் மதாம்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாசலுக்குப் போனாள். நானும் வண்டியை எடுக்கப் பின்னாலேயே போனேன். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே கால் வைத்தாள்.

"ஜெயந்தி!" பின்வாசல் படியிலிருந்து மதாம் கூப்பிட்டார்.

திரும்பினாள்.

"நாளைக்கே வண்டி புடிச்சி சாமானை எடுத்தாந்துடு. ஞாயித்துக்கிழம வரைக்கும் எதுக்கு? அந்தக் கேட்டை ஒழுங்கா சாத்திட்டுப் போ. காலைல தொறந்துவிட்டா நம்ம கோழிங்க ரோட்டுக்குப் போயிடும்."

அவள் கேட்டை இழுத்துச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். சரியாக விழுந்ததா என்று இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.